லுவார் ஆற்றங்கரையில் எட்டு நாள் சைக்கிள் பயணம்: அவசரமில்லாதவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பிரான்ஸின் சமவெளியில் சைக்கிள் பயணத்துக்குத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் கிலோமீட்டர்க் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மேடில்லாத நிலம், செம்மையான பாதை, கியர் வைத்த வண்டி என்று எல்லாம் இருக்கும்போது நாளொன்றுக்கு எண்பது கிலோமீட்டரைத் தாண்டிவிடலாம் என்று தோன்றுவது இயல்பே. கால்களுக்கு அது முடியும். ஆனால் அந்த வேகத்தில் போகிறவர் ஊர் வந்து சேரும்போது ரொட்டிக் கடை சாத்தியிருக்கும், அரண்மனையின் கடைசி நுழைவு நேரம் கடந்திருக்கும், உணவகத்தின் சமையலறை அடுப்பை அணைத்திருக்கும். ஆகவே இந்த வழிகாட்டி தூரத்தைக் கடைசியில் வைத்துக்கொள்கிறது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, கடைகள் எப்போது திறக்கின்றன, ஓர் ஊரில் பார்க்க எவ்வளவு இருக்கிறது என்பவற்றை முதலில் கேட்டு, அவற்றுக்கு ஏற்றபடி ஒவ்வொரு நாளின் தூரத்தையும் வகுத்துக்கொள்வதே இங்கே பின்பற்றப்படும் முறை.

படி 1: எந்தப் பகுதி என்று முடிவு செய்தல்

லுவார் பிரான்ஸின் மிக நீளமான ஆறு. ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடி அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. அதன் கரையோரமாக, நெவேர் நகருக்கு அருகிலுள்ள குஃபி என்னும் சிற்றூரிலிருந்து கடற்கரை ஊரான சேன் ப்ரெவான் வரை சுமார் 900 கிலோமீட்டருக்கு 'லுவார் ஆ வேலோ' என்ற பெயரில் அடையாளப் பலகைகள் நட்ட சைக்கிள் தடம் இருக்கிறது. இந்தத் தடத்தின் பெரும்பகுதி, அட்லாண்டிக் கரையிலிருந்து ருமேனியாவின் கருங்கடல் கரை வரை செல்லும் 'யூரோவேலோ 6' என்னும் நெடுந்தடத்திலும் அடங்குகிறது.

இந்த 900 கிலோமீட்டரையும் ஓட்டி முடிக்க வேண்டும் என்ற ஆசையை முதல் பயணத்தில் ஒதுக்கி வைப்பது நல்லது. சுல்லி என்ற ஊருக்கும் ஷலோனுக்கும் இடைப்பட்ட ஆற்றுப் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2000-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பகுதிக்குள் அடங்கும் சோமுர் முதல் ஓர்லியான் வரையிலான துண்டு, நிதானப் பயணிக்கு எல்லா வகையிலும் ஏற்றது. அரண்மனைகள், குகை வீடுகள், திராட்சைத் தோட்டங்கள், மணல் திட்டுகள் எல்லாம் இங்கேதான் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. நடுவில் களைத்துவிட்டாலோ மழை பிடித்துக்கொண்டாலோ ஏறிக்கொள்ள, ஆற்றை ஒட்டியே ரயில் பாதையும் ஓடுகிறது.

தெற்கே உள்ள 'கனால் து மிதி' என்னும் கால்வாயைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. 1681-இல் முடிக்கப்பட்ட அந்தக் கால்வாயின் கரை தட்டையானதுதான். ஆனால் பல இடங்களில் மரவேர்கள் பாதையைப் புடைக்கச் செய்திருக்கின்றன. தூலூஸைத் தாண்டிச் சில மணி நேரம் போனபின் கரடுமுரடான மண்தடமே மிஞ்சுகிறது. சுமையோடு முதன்முறை போகிறவருக்கு லுவார் கரையே வசதியானது என்பது என் துணிபு.

படி 2: திசையைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலானோர் ஆறு ஓடும் திசையில், அதாவது கிழக்கிலிருந்து மேற்காக, ஓர்லியானில் தொடங்கிக் கடலை நோக்கிச் செல்கிறார்கள். ஆற்றோடு போனால் இறக்கம் கிடைக்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. ஓர்லியானுக்கும் சோமுருக்கும் இடையே ஆற்றின் மட்டம் இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தில் நூறு மீட்டர்கூட இறங்குவதில்லை. இந்தச் சரிவைக் கால்கள் உணரவே மாட்டா.

கால்கள் உணர்வது காற்றை. இப்பகுதியில் காற்று பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கமிருந்து, அதாவது மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுகிறது. மரமில்லாத கரைமேட்டில், இரு பக்கமும் பைகள் தொங்கும் வண்டியில், எதிர்க்காற்றோடு நாள் முழுவதும் மல்லுக்கட்டுவது ஒரு மலைச்சாலையை ஏறுவதற்குச் சமமான உழைப்பு. மலையிலாவது உச்சிக்குப் பின் ஓர் இறக்கம் வரும். லுவாரின் பழைய படகோட்டிகள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். ரயில் வருவதற்கு முன்பு நான்த் துறைமுகத்திலிருந்து உப்பும் சர்க்கரையும் ஏற்றிய தட்டையடிப் படகுகள் பெரிய சதுரப் பாய்களை விரித்து, இந்த மேலைக் காற்றின் பலத்தால் நீரோட்டத்தை எதிர்த்து ஓர்லியான் வரை ஏறிவந்தன. பாரிஸ்–ஓர்லியான் ரயில் பாதை 1843-இலும், அது தூர் நகரை எட்டியது 1846-இலும் நடந்தபின் அந்தப் படகு வணிகம் தேய்ந்து மறைந்தது. காற்று மட்டும் திசை மாறவில்லை.

எனவே சோமுரில் தொடங்கி ஆற்றுக்கு எதிராக ஓர்லியானில் முடிப்பதையே இந்த வழிகாட்டி பரிந்துரைக்கிறது. வழிகாட்டிப் பலகைகள் இரு திசைக்கும் இருப்பதால் வழி தவறாது. காலையில் சூரியன் கண்ணில் அடிக்கும் என்பது ஒன்றே குறை. முன்விளிம்பு உள்ள தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ அதற்குப் போதும். பிற்பகலில் வெயிலும் காற்றும் சேர்ந்து முதுகுக்குப் பின்னால் வந்துவிடும்.

படி 3: மாதம், விசா, தங்குமிடம்

மே நடுப்பகுதி முதல் ஜூன் இறுதி வரையும், செப்டம்பர் மாதமும் சிறந்தவை. ஜூனில் இரவு ஒன்பதரைக்கு மேலும் வெளிச்சம் இருப்பதால் இருட்டுக்குள் ஊர்போய்ச் சேரவேண்டும் என்ற பதற்றமே எழாது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெப்ப அலைகள் வரக்கூடும். பிரெஞ்சுக்காரர்களின் விடுமுறையும் அப்போதுதான் என்பதால் அறைகள் நிரம்பிவிடுகின்றன. மே மாதத்திலும் 1, 8 ஆகிய தேதிகளும் இயேசு விண்ணேற்றத் திருநாளும் அரசு விடுமுறைகள். அந்த வார இறுதிகளுக்கு மட்டும் முன்பதிவைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்குக் குறுகிய கால ஷெங்கன் விசா தேவை. எந்த 180 நாள்களிலும் 90 நாள் தங்க அது அனுமதிக்கும். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ வரையிலான மருத்துவக் காப்பீட்டுச் சான்றும் இணைக்க வேண்டும். அந்தக் காப்பீடு சைக்கிள் பயணத்தில் நேரும் விபத்துக்கும் பொருந்துமா என்று ஒப்பந்தத்தின் விலக்குப் பகுதியைப் படித்துப் பார்க்கவும். விண்ணப்பத்தோடு ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடச் சான்று காட்டவேண்டியிருப்பதால், பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையுள்ள அறைகளை முதலில் பதிவு செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

அறை தேடும்போது 'அக்கேய் வேலோ' என்ற முத்திரையைக் கவனிக்கலாம். சைக்கிள் தடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருப்பது, வண்டியைப் பூட்டி வைக்கப் பாதுகாப்பான இடம், பழுதுபார்க்கும் கருவிகள் ஆகியவை அந்த முத்திரை பெறுவதற்கான நிபந்தனைகள். ஹோட்டலைவிட 'ஷாம்ப்ர் தோட்' எனப்படும் வீட்டு விடுதிகள் இந்தப் பயணத்துக்குப் பொருத்தமானவை. குடும்பத்தினர் தம் வீட்டிலேயே சில அறைகளை வாடகைக்கு விட்டு, காலைச் சிற்றுண்டியும் தருவார்கள். முன்கூட்டிச் சொன்னால் சில வீடுகளில் இரவு உணவும் கிடைக்கும். மாலை எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்பார்கள். சொன்ன நேரம் தவறுமானால் ஒரு தொலைபேசி அழைப்பை அவர்கள் மிகவும் மதிப்பார்கள். கூடாரம் கொண்டு செல்பவர்களுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு ஊரிலும் ஆற்றோரத்தில் ஊராட்சி நடத்தும் முகாம் திடல் இருக்கிறது.

படி 4: வண்டியும் சுமையும்

ஊரிலிருந்து சொந்த சைக்கிளை விமானத்தில் ஏற்றி வருவது இந்தப் பயணத்துக்குத் தேவையற்ற சிரமம். ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் திருப்பிக் கொடுக்கும் வாடகை ஏற்பாடு லுவார் கரையில் நன்கு வளர்ந்திருக்கிறது. 'வே தே சே' என்று அவர்கள் சொல்லும் பொதுப்பயன் வண்டியைக் கேளுங்கள். நிமிர்ந்த இருக்கை, 35 முதல் 42 மில்லிமீட்டர் அகல டயர், பின் கேரியர், மட்கார்டு ஆகியவை அதில் இருக்கும். பாதையில் தார், நுண்சரளை, கல்பாவிய தெரு என்று மூன்றும் மாறிமாறி வருவதால் மெல்லிய பந்தய டயர் இங்கே பயன்படாது. மின்விசை சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும். நிதானமாகப் போகிறவருக்கு இந்தத் தடத்தில் அது அவசியமில்லை என்றாலும், முழங்கால் வலி உள்ளவர் எதிர்க்காற்று நாளில் அதை வாழ்த்துவார்.

வண்டியைப் பெறும்போது அவசரப்படாமல் இவற்றைச் சரிபாருங்கள். இருக்கையில் அமர்ந்து, மிதி மிகக் கீழே இருக்கும் நிலையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் முழுமையாக நீள வேண்டும். அப்படியானால் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்து சரியான நிலையில் நிற்கும். இருக்கை தாழ்ந்திருப்பதே முதல் நாள் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் காரணம். அடுத்து, காற்றடைக்கும் வால்வு எந்த வகை என்று பார்த்து, கொடுத்த பம்பு அதற்குப் பொருந்துகிறதா என அங்கேயே ஒருமுறை அடித்துப் பாருங்கள். மெலிந்து நீண்ட பிரெஸ்டா வால்வில் நுனித் திருகைத் தளர்த்திய பிறகே காற்று ஏறும் என்பது நம் ஊர் வண்டிகளில் பழகியவர்களுக்குப் புதிதாக இருக்கும். உதிரி டியூப் ஒன்று, டயர் கழற்றும் நெம்புகள், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், ஆறுமுனைச் சாவிகள், உறுதியான பூட்டு ஆகியவை கையில் இருக்க வேண்டும்.

சுமை பத்துக் கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் புகாத பக்கப் பைகள் இரண்டு, அடிக்கடி எடுக்கும் பொருள்களுக்கு முன்கைப்பிடியில் ஒரு சிறு பை என்பது போதுமான அமைப்பு. முதுகுப்பை வேண்டாம், வியர்வையும் தோள்வலியுமே மிஞ்சும். உடைகளில் பஞ்சணை வைத்த சைக்கிள் கால்சட்டை இரண்டு, விரைவில் உலரும் மேல்சட்டைகள், மழைச்சட்டை, மாலைக்கு ஒரு சாதாரண உடை ஆகியவை போதும். தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் அணிந்து நாற்பது கிலோமீட்டர் ஓட்டியவர் அடுத்த நாள் உட்காரவே தயங்குவார். பெட்டியை விடுதியிலிருந்து விடுதிக்கு வேனில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவையும் உண்டு. முதியவர்களோடு போகும் குடும்பத்துக்கு அந்தச் செலவு தகும்.

படி 5: ரயிலில் தொடக்க ஊருக்குச் செல்லுதல்

பாரிஸின் மோன்பார்னாஸ் நிலையத்திலிருந்து ஆன்ஜே நகருக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து வட்டார ரயிலில் அரை மணிக்குள் சோமுர். வண்டியைச் சோமுரில் வாடகைக்கு எடுப்பவருக்கு இதோடு வேலை முடிந்தது. சொந்த வண்டியோடு வருபவர், அதிவேக ரயில்கள் எல்லாவற்றிலும் சைக்கிள் இடம் இல்லை என்பதையும், இருக்கும் ரயில்களில் பயணச்சீட்டோடு 10 யூரோ கட்டி அதை முன்பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். சக்கரங்களைக் கழற்றி 130 × 90 சென்டிமீட்டர் அளவுக்குள் அடங்கும் பையில் வைத்தால் அது சாதாரணப் பெட்டியாகவே கருதப்படும். வட்டார ரயில்களில் முழு வண்டியை ஏற்றலாம். கோடை மாதங்களில் ஓர்லியானுக்கும் நான்துக்கும் இடையே சைக்கிள்களுக்கென்றே கூடுதல் இடம் ஒதுக்கிய ரயில்களும் ஓடுகின்றன.

பாரிஸில் ஓரிரவு தங்குபவர்கள் வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள லா ஷப்பேல் பகுதிக்கு ஒருமுறை போய்வரலாம். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக உள்ள தெருக்கள் அவை. பருப்புப்பொடி, ஊறுகாய், அவல் போன்றவற்றைச் சிறு பொட்டலங்களாக வாங்கி வைத்துக்கொண்டால், லுவார் கரையில் கடைகள் சாத்திய ஒரு திங்கள்கிழமையில் அவை கைகொடுக்கும்.

படி 6: சாலைச் சட்டங்கள்

வலப்பக்கம் ஓட்டுவது என்பதைத் தெரிந்துவைத்திருப்பது எளிது. உடல் பழகுவதற்குத்தான் இரண்டு நாள் ஆகும். குறிப்பாக, தனிப் பாதையிலிருந்து வெறிச்சோடிய சாலைக்குள் நுழையும் கணத்தில்தான் கை தானாக இடப்பக்கம் திருப்பும். பலகையோ விளக்கோ இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை. ஊருக்குள் 1 மீட்டர், ஊருக்கு வெளியே 1.5 மீட்டர் இடைவெளி விட்டே கார்கள் சைக்கிளைக் கடக்க வேண்டும் என்பது சட்டம். நாட்டுப்புற ஓட்டுநர்கள் இதைப் பெரும்பாலும் மதிக்கிறார்கள்.

மணியும், முன்பின் விளக்குகளும், எதிரொளிப்பான்களும் கட்டாயம். ஊர் எல்லைக்கு வெளியே இரவிலோ மங்கலான வெளிச்சத்திலோ ஓட்டினால் எதிரொளிக்கும் மேற்சட்டை அணிய வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தலைக்கவசம் 2017 முதல் கட்டாயம், பெரியவர்களுக்கு விருப்பம். காதில் ஒலிக்கருவி மாட்டி ஓட்டுவது 2015 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மது அருந்தி ஓட்டினால் கார் ஓட்டுநருக்குரிய அதே இரத்த அளவு வரம்பு சைக்கிளுக்கும் பொருந்தும். ஒயின் பாதாள அறைகள் தடத்தை ஒட்டியே இருக்கும் வட்டாரத்தில் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். எந்த அவசரத்துக்கும் 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

படி 7: ஒரு நாளை வகுத்துக்கொள்ளும் விதம்

சுமையோடு, பேசிக்கொண்டே, உடல் வருந்தாமல் மிதித்தால் மணிக்கு 13 முதல் 15 கிலோமீட்டர் போகலாம். நாளுக்கு 30 முதல் 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இருக்கையில் கழியும் நேரம் நான்கு மணிக்குள் அடங்கும். அதற்குமேல் திட்டமிட்டால் வழியில் உள்ளவற்றைத் தியாகம் செய்யவேண்டிவரும்.

மீதி நேரத்தை ஆள்வது பிரெஞ்சு நாட்டுப்புறத்தின் கடை ஒழுங்கு. சிற்றூர் ரொட்டிக் கடைகள் காலை ஏழு மணியளவில் திறந்து, நண்பகலுக்குச் சற்றுப்பின் சாத்தி, பிற்பகலில்தான் மீண்டும் திறக்கும். வாரத்தில் ஒருநாள் முழு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பல கடைகள் இயங்கும். அன்று பிற்பகலிலும் திங்களன்றும் பல ஊர்கள் கதவடைத்துக் கிடக்கும். உணவகங்கள் பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரையே மதிய உணவு தரும். இரண்டேகாலுக்குப் போனவருக்குக் காபி மட்டுமே கிடைக்கலாம். ஆகவே காலையிலேயே நீள ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி, பழம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு புறப்படுவதை வழக்கமாக்குங்கள். கடைக்குள் நுழையும்போது 'போன்ஜூர்' என்று சொல்வது அங்கே அடிப்படை மரியாதை. அதைச் சொல்லாமல் நேரே பொருளைக் கேட்டால், கிடைக்கும் பதிலிலேயே வேறுபாடு தெரியும்.

சைவ உணவுக்காரர்கள் சற்று விழிப்பாக இருக்க வேண்டும். 'கறி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீனோ பன்றித் துண்டுகளோ தட்டில் வந்துவிடும். 'நி வியாந்த், நி புவாசோன்' என்றால் 'இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம்' என்று தெளிவாகிவிடும். ரொட்டிக் கடைகளில் கிடைக்கும் கீஷ் லொரேன் என்னும் முட்டைப் பணியாரத்தில் உப்பிட்ட பன்றித் துண்டுகள் உண்டு. சூடான ஆட்டுப் பாலாடைக்கட்டி வைத்த சாலடிலும் சிலர் அதைத் தூவுவார்கள். 'சான் லார்தோன்' என்று சொல்லித் தவிர்க்கலாம். இந்த வட்டாரத்தின் பெருமையான சேன் மோர் போன்ற ஆட்டுப் பாலாடைக்கட்டிகள் சுவையானவை. ஆனால் மரபு முறையில் அவற்றை உறையச் செய்யக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள் பயன்படுகிறது என்பதைக் கண்டிப்பான சைவர்கள் அறிந்திருப்பது நல்லது.

குடிநீருக்கு ஓர் எளிய உபாயம் உண்டு. பிரெஞ்சுச் சிற்றூர்களில் கல்லறைத் தோட்டத்தில் பூச்செடிகளுக்காகக் குழாய் இருக்கும்; 'நோன் பொதாப்ல்' என்ற எச்சரிக்கைப் பலகை இல்லாவிட்டால் அது பெரும்பாலும் ஊர்க் குடிநீர்க் குழாயே. நம்மவர்களுக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கும். அங்கே எல்லாச் சைக்கிள்காரர்களும் அப்படித்தான் நிரப்புகிறார்கள்.

ஆற்றில் இறங்கிக் குளிக்கும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கோடையில் முழங்கால் ஆழமே இருப்பதுபோலத் தோன்றும் நீரின் அடியில் மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். நின்ற இடம் திடீரென்று சரியும், சுழல்கள் வெளியே தெரியா. நீச்சல் தெரிந்தவர்களும் லுவாரில் உயிரிழந்திருக்கிறார்கள்.

படி 8: நாள்வாரியான தடம்

*முதல் நாள், சோமுர் முதல் ஷினோன் வரை, ஏறத்தாழ 33 கி.மீ.* சோமுரை முந்தின நாள் மாலையிலேயே சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது. இவ்வூரும் இதைச் சூழ்ந்த குன்றும் தூஃபோ என்னும் வெண்ணிற மென்கல்லால் ஆனவை. கட்டடங்களுக்காக அந்தக் கல்லை வெட்டியெடுத்த குடைவுகள் பின்னர் வீடுகளாகவும், ஒயின் அறைகளாகவும், காளான் பண்ணைகளாகவும் ஆயின. தடம் சூசே என்ற ஊரில் அத்தகைய குகைத் தெருவின் ஊடாகவே செல்கிறது. நண்பகல் வெயிலிலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். இந்தக் குகைகளில் நடக்கும் உணவகங்களில் ஃபுவே என்னும் சிறு ரொட்டியை விறகடுப்பில் உப்பவைத்து, சுடச்சுடக் கிழித்து, உள்ளே வெள்ளை அவரையோ காளானோ வைத்துத் தருவார்கள். சைவர்களுக்கு இந்தப் பயணத்தில் கிடைக்கும் மிகச் சிறந்த உணவு இதுதான் என்பேன். அடுத்துள்ள துர்க்கான் ஊரில் ஆப்பிளை அடுப்பில் உலர்த்தித் தட்டையாக்கிப் பதப்படுத்தும் பழைய தொழிலைக் காணலாம். குன்றின் மேல் ஏறி இறங்கும் இந்தப் பகுதி தடத்தில் சமவெளி அல்லாத இடங்களில் ஒன்று. கியரைக் குறைத்தோ தள்ளிக்கொண்டோ போகலாம்.

மோன்சொரோவை அடுத்து வரும் கான்த் சேன் மார்தான் ஊரில் வியென் ஆறு லுவாரில் கலக்கிறது. தூர் நகரின் ஆயரான புனித மார்தான் 397-ஆம் ஆண்டு நவம்பரில் இங்கே இறந்தார். உடல் யாருக்கு என்று எழுந்த வழக்கில், தூர் நகரத் துறவிகள் இரவோடிரவாக அதைப் படகில் ஏற்றி ஆற்றை எதிர்த்துக் கொண்டுசென்றார்கள் என்றும், படகு கடந்த கரைகளில் குளிர்காலத்திலேயே செடிகள் பூத்தன என்றும் கதை சொல்வார்கள். அந்தப் படகு போன திசையில்தான் தூர் வரை உங்கள் வண்டியும் போகும். அவருடைய கல்லறை தூர் நகரிலுள்ள புனித மார்தான் பேராலயத்தின் நிலவறையில் இருக்கிறது.

*இரண்டாம் நாள், ஷினோன் முதல் வில்லாந்திரி வரை, ஏறத்தாழ 45 கி.மீ.* ஷினோனை விட்டதும் ஒரு சிறு மேடு. அதன்பின் உஸ்ஸே அரண்மனையிலிருந்து பிரேமோன் வழியாக முழுக்கச் சமதளம். இங்கே தடம் கரைமேட்டின் மீது ஓடுகிறது. வெள்ளத்தைத் தடுக்கப் பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் எழுப்பி உயர்த்தப்பட்டு வந்த இந்த மேடுகளையும் 1846, 1856, 1866 ஆண்டுகளின் பெருவெள்ளங்கள் உடைத்தன. மேட்டின்மேல் போகும்போது ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் தாழ்வான வயல்களும் வீடுகளும் தெரியும். வயல் எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்த்தாலே அந்த வெள்ளங்களின் கடுமை புரியும். சில பகுதிகளில் கார்களும் இதே மேட்டில் வருமென்பதால் வரிசையாகவே செல்லுங்கள்.

*மூன்றாம் நாள், வில்லாந்திரி முதல் தூர் வரை, ஏறத்தாழ 20 கி.மீ.* தூரம் வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருக்கிறது. ஸ்பெயினில் பிறந்த ஹோவாக்கின் கார்வாயோ 1906-இல் வில்லாந்திரி அரண்மனையை வாங்கி, மறுமலர்ச்சிக் காலத் தோட்டத்தை மீட்டு அமைத்தார். முட்டைக்கோசும் கீரையும் பூசணியும் வண்ணக் கோலமாக நடப்பட்ட காய்கறித் தோட்டத்தைக் காலை வெயிலில் மேல்தளத்திலிருந்து பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். பிறகு ஷேர் ஆற்றங்கரையோரமாகத் தூர் வரை நிழலான பாதை.

*நான்காம், ஐந்தாம் நாள்கள், அம்புவாஸ்.* தூரிலிருந்து மோன்லூயி திராட்சைத் தோட்டங்கள் வழியாக ஏறத்தாழ 28 கிலோமீட்டர். லியோனார்டோ டா வின்சி தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1519 மே 2 அன்று இறந்த குளோ லூசே மாளிகை இவ்வூரில்தான் இருக்கிறது. மறுநாள் பைகளை விடுதியில் விட்டுவிட்டு, வெறும் வண்டியோடு ஷெனோன்சோவுக்குப் போய்வாருங்கள். ஒரு வழி ஏறத்தாழ 15 கிலோமீட்டர், நடுவில் காட்டு மேடு. ஷேர் ஆற்றின் குறுக்கே பாலமாகவே கட்டப்பட்ட அந்த அரண்மனைக் கூடம் இரண்டாம் உலகப்போரில் ஆக்கிரமிப்புப் பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் எல்லையில் நின்றது; ஒரு வாசல் ஜெர்மானியர் வசம், மறுவாசல் ஆற்றின் அக்கரையில். சுற்றுலாப் பேருந்துகள் வருமுன், திறக்கும் நேரத்திலேயே உள்ளே சென்றுவிட வேண்டும்.

*ஆறாம் நாள், அம்புவாஸ் முதல் புளுவா வரை, ஏறத்தாழ 43 கி.மீ.* முற்பகுதியில் தென்கரை மேட்டுநிலத்தின் ஏற்ற இறக்கங்கள் உண்டு. ஷோமோனில் ஆண்டுதோறும் நடக்கும் தோட்டத் திருவிழாவைப் பார்ப்பதென்றால் அரை நாள் போய்விடும். விருப்பமில்லாதவர் நேரே புளுவா செல்லலாம்.

*ஏழாம் நாள், புளுவா முதல் போஜான்சி வரை, ஷாம்போர் வழியாக, ஏறத்தாழ 50 கி.மீ.* இருப்பதிலேயே நீண்ட நாள் இதுவே. வேண்டுமானால் ஷாம்போர் அருகிலேயே தங்கி இரண்டாகப் பிரிக்கலாம். 1519-இல் முதலாம் பிரான்சுவா மன்னர் தொடங்கிய ஷாம்போர் அரண்மனையை 32 கிலோமீட்டர் மதில் சூழ்ந்த 5,440 ஹெக்டேர் வனம் காக்கிறது. காரில் வருபவர் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அரண்மனையைத் திடீரென்று பார்ப்பார். சைக்கிளில் வருபவருக்கு அது ஓக் மரங்களுக்கிடையே புகைபோக்கி புகைபோக்கியாக வெளிப்படும். ஒருவர் ஏறவும் மற்றவர் இறங்கவும் எதிர்ப்படாதபடி பின்னிய இரட்டைச் சுருள் படிக்கட்டு இதன் மையம். பைகளோடு வருபவர்கள், வண்டிக்கும் சுமைக்கும் பூட்டறை உண்டா என்று நுழைவிடத்தில் கேளுங்கள். லுவார் அரண்மனைகள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. கட்டுமானக் கல் படகில் வந்து இறங்கிய துறையான சேன் தியே வழியே மீண்டும் ஆற்றை அடைந்தபின், சேன் லொரான் அணுமின் நிலையத்தின் இரண்டு குளிர்விப்புக் கோபுரங்கள் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். விளம்பரப் படங்களில் அவை இடம்பெறுவதில்லை. லுவாரின் நீர் இன்று இதற்கும் பயன்படுகிறது.

*எட்டாம் நாள், போஜான்சி முதல் ஓர்லியான் வரை, ஏறத்தாழ 30 கி.மீ.* போஜான்சியின் பழைய கற்பாலத்திலிருந்து மேங் வழியாக ஓர்லியானின் படகுத்துறை வரை அநேகமாக முழுவதும் கரையோரப் பாதை. கடல்வழி வந்த சர்க்கரையைச் சுத்திகரித்ததும், படகில் புளித்துப்போன ஒயினைக் காடியாக மாற்றியதும் ஒரு காலத்தில் இந்நகரின் பெருந்தொழில்கள்.

படி 9: வண்டியை ஒப்படைத்துத் திரும்புதல்

வாடகை நிலையங்கள் மாலை சீக்கிரமே மூடும். சிலவற்றில் நண்பகல் இடைவேளையும் உண்டு. ஒப்படைக்கும் நேரத்தை முந்தின நாளே உறுதிசெய்து, நண்பகலுக்குள் நகருக்குள் வந்துவிடுங்கள். பாரிஸின் ஓஸ்டர்லிட்ஸ் நிலையத்துக்கு இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். ஆனால் ஓர்லியானில் நிலையங்கள் இரண்டு: ஒன்று நகர மையத்தில், மற்றொன்று வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி லேஸ் ஓப்ரே என்ற பெயரில். பாரிஸ் ரயில்களில் சில அந்த இரண்டாம் நிலையத்தில் மட்டுமே நிற்கும் என்பதால், சீட்டில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, சொந்த வண்டியாக இருந்தால் நேரே அங்கேயே மிதித்துப் போய்விடலாம். வாடகை வண்டியை விட்டவர்களுக்கு மைய நிலையத்தின் முன்பிருந்தே டிராம் இருக்கிறது.